பத்தாவது கட்டில்

இரவுப் பேருந்தில் போங்கள், ஒரு நாள் அறை வாடகை மிச்சமாகும் என்பது நான் எல்லோருக்கும் சொல்கிற முதல் யோசனை. கடைசி வரிசை வேண்டாம், தூக்கித் தூக்கிப் போடும். ஜன்னலோரமும் வேண்டாம், குளிர் எலும்புக்குள் இறங்கிவிடும். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். ஷூவைக் கழற்றிக் காலுக்கடியில் வைக்காமல் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கண் விழிக்கும்போது புது ஊரில் இருப்பீர்கள்.

நாங்களும் அப்படித்தான் அந்த மலையூருக்கு விடிகாலையில் போய்ச் சேர்ந்தோம். நானும், என் மனைவியின் தம்பியும்.

குறைந்த செலவில் வெளிநாடு சுற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை ஹால் ஒன்றில் வகுப்பு எடுப்பேன். எந்த ஊரில் எங்கே தங்கலாம், எந்தப் பூட்டு வாங்கலாம், எந்த மாத்திரையைக் கையோடு கொண்டுபோகலாம் என்று விலாவாரியாகச் சொல்வேன். கூட்டம் வாயைப் பிளந்து கேட்கும்.

மச்சினனுக்கு இருபத்து மூன்று வயது. நெடுநெடுவென்று வளர்ந்து கழுத்து நீண்டிருந்ததால் பள்ளிக்கூடத்திலேயே அவனுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். இப்போது முதுகில் பையும் சேர்ந்துகொண்டதால் பெயர் முழுசாகப் பொருந்திவிட்டது. அவனே சொல்லிச் சிரிப்பான். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் போய்விட, அவனை வளர்த்து ஆளாக்கியது என் மனைவிதான். படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தவனை அவள்தான் என்னோடு அனுப்பிவைத்தாள்.

"நாலு ஊர் பார்த்தா தெளிஞ்சிடுவான். என் தம்பிய பத்திரமா கூட்டிக்கிட்டு வந்துடுங்க," என்றாள்.

"நான் என்ன அவனை வித்துட்டா வரப்போறேன்?" என்று கேட்டேன். மூன்று பேரும் சிரித்தோம்.

சீசன் முடிந்துபோன ஊர் அது. பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த விடுதிகளில் பாதிக்குமேல் பூட்டிக் கிடந்தன. டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடியில் கையால் எழுதி ஒட்டியிருந்த ஒரு சீட்டைப் பார்த்துத்தான் நாங்கள் அந்த இடத்துக்குப் போனோம். கட்டில், கம்பளி, சுடுதண்ணீர் எல்லாம் உண்டு, விலை மற்ற இடங்களில் பாதிகூட இல்லை.

பனிமூட்டத்துக்குள் பத்து நிமிடம் மேடேறினோம். ஓடு வேய்ந்த நீளமான ஒற்றை மாடிக் கட்டடம். ஜன்னல்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேலே, கம்பி போட்டு இருந்தன. விடுதிப் பொறுப்பாளர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்ட கனத்த மனிதர். கைகள் எப்போதும் ஈரமாக இருந்தன, பேசும்போதெல்லாம் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முன்னாடி இது ஆஸ்பத்திரி. வெளியூர்லேருந்து காய்ச்சலோட வர்றவங்கள இங்கதான் தனியா வெச்சிருப்பாங்க," என்றார். அவர் பேசியது வேறு மொழி. எனக்குப் புரிந்ததை நம் பேச்சில் சொல்கிறேன். "ஒருத்தரோட பாஸ்போர்ட் வேணும். கிளம்பும்போது வாங்கிக்கலாம்."

பாஸ்போர்ட்டை எவன் கேட்டாலும் கொடுக்காதே, நகலைக் கொடு என்று வகுப்புக்கு வகுப்பு கத்துகிறவன் நான். அங்கே நகல் எடுக்க வழியில்லை. இரவு முழுக்கக் குலுங்கிய உடம்பு கட்டிலுக்குக் கெஞ்சியது.

"உன்னோடத குடுடா," என்றேன்.

"மாமா, நீங்கதானே குடுக்கக் கூடாதுன்னு..."

"ஒரு நாள்தானேடா. குடு."

கொடுத்தான். என்னுடையது சட்டைக்கு அடியில், இடுப்புப் பையில், உடம்போடு ஒட்டி இருந்தது.

அறை ஒரு நீள வார்டு. ஒரே வரிசையில் பத்து இரும்புக் கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் எழுதிய தகடு. கதவருகே ஒன்று, கோடிச் சுவரோரம் பத்து. கதவின் வெளிப்புறம் மட்டும்தான் தாழ்ப்பாள் இருந்தது. ஆஸ்பத்திரிக் காலத்தில் அப்படித்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாவது கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார்.

சாம்பல் நிறக் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அடியில் பழைய முதுகுப் பை ஒன்று. துணியின் நிறமே தெரியாத அளவுக்குப் பூசணம் பிடித்திருந்தது.

"அவர் ரொம்ப நாளா இருக்கார். தொந்தரவு பண்ண மாட்டார்," என்றார் பொறுப்பாளர். கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

கதவுக்கு நேர் எதிரே இருக்கும் கட்டிலில் படுக்கக் கூடாது, போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள். நான் மூன்றாவதை எடுத்துக்கொண்டேன், அங்கேதான் பிளக் பாயிண்ட் இருந்தது. ஒட்டகம் இரண்டாவதில் விழுந்தான். அவன் கால் பாதி கட்டிலுக்கு வெளியே தொங்கியது.

படுக்கும் முன் மனைவிக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்று கேட்டேன். அவளுக்குத் தைராய்டு. தினமும் அதே இரண்டு கேள்விகளைக் கேட்பேன். அவள் தினமும் அதற்கு ஒரே மாதிரிச் சலித்துக்கொள்வாள். பிறகு தூங்கிப்போனேன்.

விழித்தபோது பத்தரை மணி. ஜன்னலில் வெளிச்சம் பால் கலந்தாற்போல் நின்றது. ஒட்டகம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். நான் புரண்டு கோடிச் சுவரைப் பார்த்தேன்.

பத்தாவது கட்டில் காலியாக இருந்தது.

அந்த மனிதர் எட்டாவதில் படுத்திருந்தார். அதே கம்பளி, என் பக்கம் காட்டிய அதே முதுகு. பையும் எட்டாவது கட்டிலுக்கு அடியில் இருந்தது. கோடியில் ஓடு ஒழுகியிருக்கும், நகர்ந்து வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டுத் திரும்பியபோது அவர் ஆறாவதில் இருந்தார்.

ஒட்டகம் எழுந்து தலை வாரிக்கொண்டிருந்தான். "அவர் எப்படா எழுந்தாரு?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாரு? நான் முழிச்சதுலேருந்து அவரு அசையவே இல்லையே மாமா."

"முன்னாடி அங்க படுத்திருந்தார்டா."

"உங்களுக்குப் பஸ் தூக்கம் பத்தல," என்று சிரித்தான்.

டிரைவர்கள் சாப்பிடுகிற கடையில் சாப்பிட வேண்டும், அங்கேதான் விலையும் குறைவு, வயிறும் கெடாது. நிலையத்துக்குப் பின்னால் அப்படி ஒரு கடையில் ரொட்டியும் சூப்பும் வாங்கி உட்கார்ந்தோம். ஒட்டகம் வழி நெடுகப் பனியை வீடியோ எடுத்துப் போன் சார்ஜைக் காலி பண்ணியிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த டிரைவர் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று பேச்சுக் கொடுத்தார். மேட்டைக் காட்டினேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேருமா?"

"ஆமா."

அவர் ஒட்டகத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

இரண்டரை மணிக்குத் திரும்பினோம். மழை பிடித்துக்கொண்டது. வார்டுக்குள் காலை வைத்ததுமே அந்த வாடை வந்தது. நனைந்த கம்பளி, பழைய மருந்து, பல நாள் திறக்காத வாய் மூன்றும் சேர்ந்த வாடை.

அவர் ஐந்தாவது கட்டிலில் இருந்தார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டில்.

ஒட்டகம் எதையும் கவனிக்காமல் படுத்து மறுபடி தூங்கிவிட்டான். பஸ்ஸில் வாந்தி வருகிறதென்று அவன் போட்ட மாத்திரையின் மயக்கம் இன்னும் தெளியவில்லை. நான் சத்தம் போடாமல் ஆறு, எட்டு, பத்து என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய் மெத்தையைத் தொட்டுப் பார்த்தேன். ஆள் படுத்த பள்ளம் ஒவ்வொன்றிலும் இருந்தது. ஒவ்வொரு பள்ளமும் சொதசொதவென்று ஈரமாகவும், காய்ச்சல்காரன் படுத்து எழுந்ததுபோல் சூடாகவும் இருந்தது.

பொறுப்பாளரைத் தேடிப் போனேன். ஆள் இல்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் சலவைக்காரப் பெண் ஒருத்தி விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். நடு வயது, தலையில் இறுக்கிக் கட்டிய துணி.

"அந்த ஆளு யாரு?" என்றேன்.

"இப்ப எந்தக் கட்டில்ல இருக்கு?"

"அஞ்சு."

விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. "நீங்க?"

"மூணு."

அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு என் அருகே வந்தாள். "ரெண்டு பேரும் இப்பவே ஓடிடுங்க. பாஸ்போர்ட் கெடக்கட்டும். பக்கத்துக் கட்டிலுக்கு வந்துடுச்சுன்னா உங்க குரலப் பழகும். குரல் சரியா வந்துடுச்சுன்னா அப்புறம் நீங்க எங்க போனாலும் பின்னாடியே வரும், அந்தக் கோடிக் கட்டில்ல உங்களப் படுக்க வெக்கிற வரைக்கும்."

"குரல் பழகும்னா?"

"உங்களுக்கே கேட்கும். கேட்டுடுச்சுன்னா நேரம் போச்சுன்னு அர்த்தம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பக்கத்துல படுக்கறவங்க குரல்தான் அதுக்கு வேணும். ஆள் மாறிட்டா பழைய குரல மறந்துடும்," என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் அத சொல்லல. நான் ஒண்ணும் சொல்லல. ஓடிடுங்க."

"இங்க வந்தவங்க யாரும் காணாமப் போனா போலீஸ் வராதா?"

"யாரு காணாமப் போறா?" அவள் சிரிக்கவில்லை. "ரெண்டு பேர் வந்தா ரெண்டு பேர்தான் திரும்பிப் போவாங்க. எண்ணிக்கை எப்பவும் சரியாத்தான் இருக்கும்."

அந்தப் பேச்சின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. நான் வார்டுக்கு ஓடினேன். ஓடும்போது, தெய்வம் சாட்சியாகச் சொல்கிறேன், அவனைத் தூக்கிக்கொண்டாவது வெளியே போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் நான்காவது கட்டிலுக்கு வந்துவிட்டார்.

என் கட்டிலைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். முகம் கம்பளிக்குள் இருந்தது. வாய் இருக்கும் இடத்தில் கம்பளி மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

நான் குனிந்தேன்.

"சாப்... சாப்டி... சாப்பிட்டியா..."

முதலில் அது கரகரவென்று, யாரோ உலோகத்தை உரசுவதுபோல் வந்தது.

"மாத்... மாத்திர... மாத்திரை போட்டியா."

அடுத்த தடவை இன்னும் நயமாக வந்தது. அதற்கடுத்த தடவை என் குரலிலேயே வந்தது. கடைசி எழுத்தில் நான் ஏற்றுகிற அந்தச் சின்ன இழுப்புகூட இருந்தது. பத்து வருடமாக நான் என் மனைவியிடம் கேட்கிற கேள்வி, எல்லை கடந்த ஊரில், ஒரு கம்பளிக்குள்ளிருந்து வந்தது.

நேரம் போய்விட்டது. இனி ஓடினாலும் பின்னாலேயே வரும். நான் வீட்டுக்குப் போனால் அங்கும் வரும்.

ஆள் மாறினால் மறந்துவிடும்.

இரண்டாவது கட்டிலில் ஒட்டகம் சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். அதிக நேரம் இல்லை. அதுதான் என்னால் இன்றைக்கும் சகிக்க முடியாத விஷயம். அதிக நேரமே ஆகவில்லை.

"டேய் மாப்ள," என்று தோளைத் தட்டினேன்.

"ம்?"

"என் கட்டிலுக்கு வா. அங்கதான் பிளக் இருக்கு. போன சார்ஜ்ல போட்டுட்டு அப்படியே அக்காகிட்ட பேசு."

கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தான். "உங்களுக்கு இந்தக் கட்டில் ஆகாதே மாமா. நடுவுல குழி. முதுகு பிடிச்சுக்கும்."

"பரவாயில்லடா."

"நீங்க ஒருத்தர்தான் மாமா," என்றான் தூக்கக் கலக்கத்தில். "நீங்க இல்லன்னா நான் ஊர்ல அந்த மூலையிலேயே உக்காந்திருப்பேன். எனக்குன்னு இவ்ளோ யார் பண்ணுவா?"

நான் அவனுடைய பையை எடுத்து மூன்றாவது கட்டிலின் அடியில் தள்ளினேன். அவன் அங்கே போய் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரை அப்போதுதான் பார்த்தான்.

"அட, இவ்ளோ பக்கத்துல வந்துட்டாரே?"

"குளிரா இருந்திருக்கும். நோயாளிடா, பாவம்."

"நடுங்குறாரு மாமா." சொல்லிக்கொண்டே அவன் தன் கம்பளியை உருவி, எக்கி, அந்த உருவத்தின் மேல் போர்த்திவிட்டான். கழுத்தோரம் இடைவெளி இல்லாமல் செருகியும் விட்டான்.

கம்பளிக்கு அடியில் நடுக்கம் நின்றது.

"சுடுதண்ணி வாங்கிட்டு வரேன்," என்றேன்.

"எனக்கும் ஒரு டம்ளர் மாமா."

என் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். சுடுதண்ணீருக்கு எதற்குப் பை என்று அவன் கேட்கவில்லை. அவனுக்கு என்மேல் சந்தேகம் என்ற ஒன்று தோன்றவே தோன்றாது. வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

தாழ்ப்பாளைப் போட்டேன்.

ஏன் போட்டேன்? அவன் எழுந்து என் பின்னால் வந்துவிட்டால் மூன்றாவது கட்டில் காலியாகிவிடும். அது மறுபடி என் குரலைத் தேடும். இவ்வளவையும் யோசித்துத்தான் போட்டேன். பயத்தில் கை தவறிப் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

நடையில் நின்று காதைக் கதவில் வைத்தேன். மழை ஓட்டில் கொட்டியது. உள்ளே முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு அந்தக் கரகரப்பு.

"மா... மா... மாம்..."

"என்ன சார், தண்ணி வேணுமா?" இது ஒட்டகம்.

"மாமா."

"யாரு? என்ன சார் சொன்னீங்க?"

"மாமா. மாமா."

கட்டில் கிறீச்சிட்டது. ஓடி வரும் காலடி. கதவு குலுங்கியது.

"மாமா! இங்க வாங்களேன். மாமா, இவரு... இவரு மூஞ்சி..."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, கதவு மாட்டிக்கிச்சு. கதவ தெறங்க மாமா!"

கதவுக்கு இந்தப் பக்கம் என் கை தாழ்ப்பாளின் மேல்தான் இருந்தது. அவன் அடித்த ஒவ்வொரு அடியும் என் விரல்களில் அதிர்ந்தது. அக்கா, அக்கா என்று அழ ஆரம்பித்தான். பிறகு மறுபடி மாமா.

"கதவ தெறங்க மாமா!"

"கதவ தெறங்க மாமா!"

இரண்டு முறை கேட்டது. இரண்டும் அவன் குரல்தான். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டன.

பிறகு ஒன்று நின்றது.

எது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் நிற்கவும் இல்லை.

வாசலில் பொறுப்பாளர் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். என்னையும் என் பையையும் பார்த்தார். "ஒருத்தரா கிளம்புறீங்க?" என்றார். அவன் பாஸ்போர்ட் அவருடைய மேஜை மேலேயே இருந்தது. கை தன்னால் அதன் பக்கம் போயிற்று. அவர் தன் ஈரக் கையை அதன்மேல் வைத்தார்.

"இது இருக்கட்டும். பின்னால வர்றவருக்கு வேணும்ல?"

வீடு வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. வழக்கமாக நான் தூங்கிச் சமாளிக்கிற பேருந்துகளில் ஒரு நிமிடம்கூடக் கண் மூடவில்லை. மனைவியின் அழைப்புகளை எடுக்காமல், பொய்யை ஊர் ஊராகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். அவனுக்கு வழியில் நண்பர்கள் கிடைத்தார்கள். அவர்களோடு வேறு பாதையில் போகிறேன் என்று அடம்பிடித்தான். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. அவனே பேசுவான். அழுகை வந்தால் எந்த இடத்தில் அழலாம் என்பதைக்கூட முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

கதவைத் திறந்தவள் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"ஏங்க இவ்ளோ லேட்டு? போனையும் எடுக்கல. அவன் நேத்தே வந்துட்டானே."

"யாரு?"

"யாரா? நல்லா கேட்டீங்க. தம்பிதான். நடுவுல பஸ் மாறி ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டீங்களாமே?"

வாசலோரம் அவனுடைய பெரிய ஷூக்கள் இருந்தன. அதில் ஒட்டியிருந்த செம்மண் இன்னும் ஈரமாக இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவன் உட்கார்ந்திருந்தான். அதே நீண்ட கழுத்து, அதே சற்றே தூக்கிய முன்பல். என்னைப் பார்த்ததும் கையில் இருந்த சோற்றை வைத்தான்.

"வாங்க மாமா."

குரலில் ஒரு பிசிறும் இல்லை. பேசி முடித்த பிறகு வாய் மட்டும் உடனே மூடவில்லை. கொஞ்சம் தாமதித்து, மெதுவாக மூடிக்கொண்டது.

"இளைச்சுட்டான்ல?" என்றாள் மனைவி, அவன் தலையைக் கோதிக்கொண்டே. "ஆனா பொறுப்பு வந்துடுச்சுங்க. காலையிலேருந்து மூணு தடவ கேட்டுட்டான், அக்கா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு. அப்படியே உங்கள மாதிரியே கேக்கறான்."

ரெண்டு பேர் வந்தால் ரெண்டு பேர் திரும்பிப் போவார்கள். சலவைக்காரி சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. எதைச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது? அவன் தம்பி இல்லை என்று சொன்னால், பிறகு தம்பி எங்கே என்று கேட்பாள். அதனால் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் பகலெல்லாம் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அலைந்த களைப்பு என்று அவள் சத்தம் போடாமல் நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு எண். மூன்று பேரும் ஹாலில்தான் இருந்தோம்.

"அக்கா!"

ஸ்பீக்கரில் போடாமலேயே எனக்குக் கேட்டது. அவள் குழம்பிப் போய்ப் போனைக் காதிலிருந்து எடுத்து, ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அக்கா, நான்தான்க்கா. இங்க ரொம்பக் குளிருதுக்கா. என்னால எழுந்திரிக்க முடியல. கோடியில போட்டுட்டாங்க. யாரையாவது அனுப்புக்கா."

மனைவி சோபாவைப் பார்த்தாள். அங்கிருந்தவன் எழுந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யாருடா நீ?" என்றாள் அவள். "என் தம்பி என் முன்னாடி உக்காந்திருக்கான்."



"இல்லக்கா... அது நான் இல்லக்கா. மாமாகிட்ட கேளு. மாமாவுக்குத் தெரியும். மாமாதான் கதவ..."

அவள் என் பக்கம் திரும்பினாள். "என்னங்க சொல்றான் இவன்? உங்களுக்கு என்ன தெரியும்?"

இன்னொரு வாய்ப்பு கிடைத்தது எனக்கு. அந்த ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். அவனுக்கு உயிர் இருக்கிறது. குரல் இருக்கிறது. யாராவது போனால் ஒருவேளை...

யாராவது போனால், அவனுக்குப் பதில் யாராவது படுக்க வேண்டும்.

"மோசடிக் கும்பல்மா," என்றேன். "இப்பெல்லாம் குரலையே திருடி, மாட்டிக்கிட்டேன் காப்பாத்துன்னு பணம் பறிக்கிறானுங்க. என் வகுப்புல சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். வை போன."

"மாமா!" என்று கத்தியது போன். "மாமா, நான்..."

அவள் வைத்துவிட்டாள். அந்த எண்ணை இனி வராதபடி தடுத்தும் விட்டாள். "சண்டாளப் பாவிங்க. எங்கிருந்துதான் கத்துக்கறானுங்களோ. அப்படியே அவன் குரல்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சோபாவில் இருந்தவனைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தம் கொடுத்தாள். "நீ இங்க இருக்கடா. எனக்கு அது போதும்," என்றாள்.

அவள் தோளுக்கு மேலாக அது என்னைப் பார்த்தது. நன்றி சொல்வதுபோல் ஒரு முறை தலையசைத்தது.

சற்று நேரத்தில் அவள் தலை வலிக்கிறதென்று உள்ளே போய்ப் படுத்தாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். திரும்பி வந்தபோது சோபா காலியாக இருந்தது.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. அவள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டி, தரையில், என் மச்சினனின் உடம்பு அவளைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது. போர்வை முகத்தை மூடியிருந்தது. வாய் இருக்கும் இடத்தில் துணி மெல்ல உள்ளே போய் வெளியே வந்தது.

"என்... என்ன... என்னங்..."

முதலில் கரகரவென்று வந்தது.

"என்னங்க..."

நான் வாசலிலேயே நின்றேன். குரல் கொடுத்து அவளை எழுப்ப வாயைத் திறந்தேன். என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மூன்றாவது முறை அது அவள் குரலில் சரியாகவே கூப்பிட்டது.